நாலரை மணி வரை காத்திருந்தவள்

"பொறக்காத நாளுக்குப் பொறந்தநாள் கொண்டாடுத கூட்டத்த நான் இப்பத்தான் பாக்கேன், அதுக்காக நான் மத்தியானம் ரசத்த ஊத்திக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்" என்று சங்கரலிங்கம் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல், கடைசியில் அவர் இழுக்கிற இழுப்பையும் சேர்த்து, செண்பகவல்லி அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். சொல்லிவிட்டு, "இதையே பல் தேய்க்கும்போது சொன்னிய, பேப்பர் படிக்கும்போது சொன்னிய, இப்ப மூணாவது தடவ. மனப்பாடப் பகுதியா இது? ரசம் மட்டுமா இருக்கு? அவரைக்காப் பொரியல் இருக்கு, தயிர் இருக்கு, மூடியத் தொறந்து பாக்க உங்களுக்குக் கை இருக்கு" என்றாள்.

"உன் சாதகத்துல ஆவணி மாசம்னுல்லா போட்டிருக்கு?"

"சாதகம் கல்யாணத்துக்காக எழுதினது. கல்யாணம் முடிஞ்சு முப்பத்திமூணு வருசமாச்சு."

சங்கரலிங்கம் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். ஜூன் எட்டாம் தேதி அவள் பிறக்கவில்லை. அவளோடு சேர்ந்து அன்று ஐம்பது வயது கொண்டாடப் போகிற மற்ற மூன்று பேரும் பிறக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், பாளையங்கோட்டை புனித வெரோணிக்கா கான்வென்ட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அப்பாக்களில் நாலு பேரிடம் பிள்ளை பிறந்த தேதிக்குச் சீட்டு இல்லை. ஒருவர் அன்றைக்குப் பெரிய மழை என்றார், ஒருவர் நோன்புக்கு முந்தின வாரம் என்றார், ஒருவர் கோயில் கொடைக்குக் கால் நாட்டின மறுநாள் என்றார், செண்பகவல்லியின் அப்பா பக்கத்து வீட்டு எருமை கன்று போட்ட அன்று என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசில் இருந்த சிஸ்டர் ஜெர்த்ரூது, மழையையும் எருமையையும் பதிவேட்டில் எழுத முடியாது என்று சொல்லி, சுவரில் தொங்கிய காலண்டரை நிமிர்ந்து பார்த்து, அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்து, நாலு பிள்ளைகளுக்கும் அதே தேதியை நீல மையில் எழுதி, ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்தார். அன்றிலிருந்து ஜெபசெல்வி, கோமதி, ரஹ்மத், செண்பகவல்லி என்ற நாலு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் ஆனார்கள். ஒவ்வொரு ஜூன் எட்டும் பள்ளிக்கூடமே நீலப் பாவாடையில் வந்து நிற்க, இவர்கள் நாலு பேர் மட்டும் கலர் டிரஸ்சில் வந்து, ஒரே டப்பாவிலிருந்து வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நாலு பேரும் ஒன்றாக ஓரிடத்தில் உட்கார்ந்ததே இல்லை. கல்யாணத்தில் இரண்டு பேர், சாவு விழுந்த துஷ்டி வீட்டில் இரண்டு பேர், ஜவுளிக்கடை மாடிப்படியில் ஒருத்தி ஏற ஒருத்தி இறங்க, என்று முப்பத்திமூன்று வருடம் ஓடிப் போயிருந்தது. செண்பகவல்லிக்கு இந்தக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. வீட்டில் அவள் அம்மா, தெருவில் சங்கரலிங்கம் வீட்டம்மா, நாத்தனார்களுக்கு மதினி, கேஸ் கொண்டுவருகிறவருக்கு நாற்பத்திரண்டாம் நம்பர். அவள் பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினவள் என்பதும், கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு என்பதும் இந்தப் பூமியில் மூன்றே மூன்று பேருக்குத்தான் ஞாபகம் இருந்தது, அந்த மூன்று பேரும் இன்று ஒரே ஹாலில் இருக்கப் போகிறார்கள். தன் மகளிடம் ஒரு தடவை இதைச் சொன்னபோது, அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நெசமாவாம்மா?" என்று கேட்ட கேள்வி, ஆறு வருடமாகியும் செண்பகவல்லியின் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

ஜெபசெல்வி இப்போது தலைமையாசிரியை. கூட்டம் நடக்கிற தன் வீட்டு வாசலில் வந்து நின்று, பிரேயரில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "வாட்டி, ஃபர்ஸ்ட் ரேங்க்!" என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் செண்பகவல்லிக்கு ஆட்டோவில் வந்த வியர்வை எல்லாம் காய்ந்துவிட்டது. உள்ளே தங்கக் கலர் பலூனில் ஒரு ஐந்தும் ஒரு பூச்சியமும் மின்விசிறிக் காற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கும் கோமதி, முழங்கால் மடங்காமல், சோபாவில் உட்காருவதற்கு முன் கப்பல் கரை சேருகிற மாதிரி முன்னும் பின்னும் அசைந்து இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்தில் எட்டு மிஷின் போட்டுத் தையல் கடை நடத்துகிற ரஹ்மத், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதைக் காணோம் என்று சோபா மெத்தைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல கெடக்கு பாரு."

"ஏளா, நீ இன்னும் அப்படியே இருக்கியேட்டி!"

"பொய் சொல்லாத, ரஹ்மத். நீ இன்னும் கண்ணாடியே போடல்ல."

நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நாலு பேருக்கும் நாலு விதமான இருமல் வந்தது. ஜெபசெல்வியின் கணவர் சாமுவேல் அண்ணன், கேக் வெட்டுவதற்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ஒரு தட்டில் வைத்து, அம்மன் கோயிலில் குங்குமம் நீட்டுகிற மாதிரி எல்லாரிடமும் நீட்டினார்; மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள், செண்பகவல்லி மட்டும் எனக்கு இன்னும் வரல்ல என்று ராங்கியாகச் சொன்னாள். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

வந்தவள் வெளிர் நீலக் காட்டன் சேலை கட்டியிருந்தாள். செருப்பை இரண்டு பாதமும் இணையாக இருக்கும்படி சுவரோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். செண்பகவல்லியின் உயரம், செண்பகவல்லியின் நெற்றி, செண்பகவல்லிக்கு இருபத்தைந்து வயதில் போன இடுப்பு. ரொம்ப நாள் ஒரே மடிப்பில் வைத்திருந்ததைப் பிரித்த மாதிரி, வகிட்டிலிருந்து தாடை வரை முகத்தின் நடுவே மெல்லிய ஒரு கோடு இறங்கியிருந்தது. இடது தோளில், சேலை முந்திக்குக் கீழே, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வட்டமாக ஊதா முத்திரை. அவள் உள்ளே வந்ததும் இரும்பு பீரோவின் வாசமும் பாச்சை உருண்டையின் வாசமும் கூடவே வந்தன.

"ஏட்டி" என்றாள் கோமதி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு. "இது நம்ம செண்பாவோட பிளஸ் டூ சர்டிபிகேட்டுல்லா!"

"ஆமா, அதேதான்!" என்று ரஹ்மத் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். "வாம்மா, வா. தேதிய ஞாபகம் வச்சு வந்திருக்கு பாருங்கட்டி."

யாரும் திடுக்கிடவில்லை. சாமுவேல் அண்ணன் இன்னொரு தட்டு எடுத்துவர உள்ளே போனவர், திரும்பி வந்து, "எங்க சித்தப்பாவோட எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டும் போன கிறிஸ்மஸுக்கு இப்படித்தான் வந்துச்சு. ரெண்டு நாள் தங்குச்சு, நாங்கதான் பஸ் ஏத்திவிட்டோம். நல்ல மரியாதயான ஆளு, சித்தப்பா மாதிரி இல்ல" என்றார். கோமதி, தன்னுடையதை ஆபீசில் சர்வீஸ் ரிஜிஸ்டரோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள், அதனால் அது எங்கேயும் அசையாது என்றாள். ஜெபசெல்வியுடையது கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால் சுவரிலேயே ஆணியில் தொங்கியது. "நான் வாங்கின அன்னைக்கே லாமினேஷன் பண்ணிட்டேன்" என்றாள் ரஹ்மத். "அதுக்கு மூச்சு விடவே வழி கெடையாது, அப்புறம் எங்க நடக்க?" செண்பகவல்லியுடையது மட்டும்தான் வாங்காமல் விட்டது. வாங்காமல் விட்டது ஒருநாள் வரத்தான் செய்யும் என்பதில் அந்த ஹாலில் யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

பால்காரனையும் மாமியாரையும் கவுன்சிலரையும் ஒரே மூச்சில் வாயடைத்த செண்பகவல்லி, வந்தவளின் முகத்துக் கோட்டை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்தவள் நடு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேர் சொல்லி எப்படிக் கூப்பிட?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

"செண்பகவல்லி எஸ். என்றே கூப்பிடலாம்" என்றாள் வந்தவள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கிற, கான்வென்ட் தமிழ் அய்யா பாராட்டியிருக்கக் கூடிய பேச்சு.

"அப்ப நான் யாரு?" என்றாள் செண்பகவல்லி.

"நீ செண்பாட்டி" என்றாள் கோமதி, இதில் என்ன குழப்பம் என்கிற மாதிரி.

மெழுகுவர்த்தி ஏற்றியதும் கத்தியை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தது. நாலு கை சேர்த்துப் பிடிப்பதாகத்தான் ஏற்பாடு, கேக்கில் நாலு பேர் பெயரும் சாக்லேட்டில் எழுதியிருந்தது. கோமதி ஆபீசில் கோப்பைப் பார்க்கிற மாதிரி கேக்கைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு தோணுது. நான் பொறந்தது கோயில் கொடைக்குக் கால் நாட்டின மறுநாள். ரஹ்மத் நோன்புக்கு முந்தி. ஜெபா மழையில பொறந்தவ. செண்பா எரும கன்னு போட்ட அன்னைக்கு. இந்த ஜூன் எட்டுல நெசமாவே பொறந்தது இங்க இவ ஒருத்திதான. இன்னைக்குச் சரியா அம்பது முடியுததும் இவளுக்குத்தான?"

ஜெபசெல்வி கத்தியை வந்தவள் பக்கம் நீட்டினாள். வந்தவள் கூச்சப்பட்டு, வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை கத்தியை வாங்கி, கேக்கை ஸ்கேல் வைத்த மாதிரி எட்டுச் சம துண்டாக வெட்டினாள். ஊதும்போது அவள் மூச்சு வறண்டு, பழைய புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புகிற சத்தத்தோடு வந்தது. எல்லாரும் பாடினார்கள். பாட்டில் பெயர் வருகிற இடத்தில் எல்லாரும் செண்பகவல்லி என்றுதான் பாடினார்கள், செண்பகவல்லியும் கை தட்டினாள், தன் பெயரைப் பாடும்போது தான் ஏன் கை தட்டுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சொதியும் இஞ்சிப் பச்சடியும் ஒரு பக்கமும் கோழிப் பிரியாணி ஒரு பக்கமுமாகச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து வந்தார்கள், மாடிவீட்டிலிருந்து வந்தார்கள், ஜெபசெல்வியின் சபைப் போதகர் ஐயர் வீட்டம்மாவும் வந்தாள். வந்தவளை எப்படி வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, எங்கே வேலை என்று கேட்டார்கள். பாலம் கட்டுகிற வேலை என்று சொன்னாள். அந்த மார்க்குக்கு இன்ஜினியரிங் கிடைத்தது, சென்னையில் படித்தேன், அப்புறம் காகிதம் போகச் சொன்ன ஊருக்கெல்லாம் போனேன், ஒரிசாவில் இரண்டு பாலம், அஸ்ஸாமில் ஒன்று, வருடத்துக்கு ஒரு தடவை அந்த நதி இடம் மாறும், பாலத்தை விட்டுவிட்டுப் போய்விடும், நாங்கள் திரும்ப ஆறு எங்கே என்று தேடுவோம், என்று சொல்லி மெல்லச் சிரித்தாள். எதிர்வீட்டம்மா தன் பேத்தியை அழைத்து வந்து அவள் காலைத் தொட வைத்தாள். மாடிவீட்டம்மா சாப்பிட்ட கையோடு செண்பகவல்லியிடம் திரும்பி, "இஞ்சிப் பச்சடி இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"அந்தக் கணக்கு ஞாபகம் இருக்காட்டி?" என்று ரஹ்மத் ஆரம்பித்தாள். இதைத்தான் செண்பகவல்லி காலையிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தாள். "மேரி மிஸ் போர்டுல போட்டுட்டு, வெட வராம, சாக்பீஸோட நின்னாங்கல்லா. ஒரு பீரியட் பூரா நின்னாங்க. அப்ப நீ எந்திரிச்சுப் போயி, மிஸ் மூணாவது வரியில மைனஸ் போடணும்னு சொல்லி, டக்குனு போட்டே பாரு!"

ரஹ்மத் இதை வந்தவளைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் போட்டேன்ட்டி" என்றாள் செண்பகவல்லி. "இங்க பாரு. நான். சாக்பீஸ் தூளு என் தாவணியில எல்லாம் ஆகி, அம்மா கிட்ட அடி வாங்குனது நானு."

"ஆமா, நீதான்" என்றாள் ரஹ்மத், சமாதானமாக. "நீதான், அவதான், எல்லாம் ஒண்ணுதான. சோறு ஆறுது, தின்னு."

"மூன்றாவது வரி இல்லை" என்றாள் வந்தவள், குறையாகச் சொல்லாமல், உதவியாக. "நான்காவது வரி. மிஸ் இரண்டாவது வரியை அழித்து எழுதியதால் மூன்றாவது போலத் தெரிந்தது."

"ஆமா, நாலாவது!" என்று கோமதி தொடையைத் தட்டினாள். "எப்படி வச்சிருக்கா பாரு ஞாபகம்!"

செண்பகவல்லிக்கு அது மூன்றாவது வரி என்றுதான் ஞாபகம். முப்பத்திமூன்று வருடமாக, சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்ததில் அது மூன்றாவது வரிதான். வேதியியலில் நூற்று எண்பத்தேழு என்று அவள் சொன்னாள். நூற்று எழுபத்தெட்டு என்று வந்தவள் சொன்னாள். எல்லாரும் வந்தவள் பக்கம் திரும்பினார்கள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவளேதானே மார்க் லிஸ்ட். செண்பகவல்லி தட்டில் கையைக் கழுவினாள், வந்தவளின் முழங்கையைப் பிடித்தாள். துணியைப் பிடிக்கிற மாதிரியும் இல்லை, தோலைப் பிடிக்கிற மாதிரியும் இல்லை. பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எதுக்கு வந்தே?"

"நீ வரவில்லையே" என்றாள் வந்தவள். "சான்றிதழ் கொடுத்த அன்று எல்லாரும் வந்தார்கள். ஜெபசெல்வி வந்தாள், ரஹ்மத் அவள் அண்ணனோடு வந்தாள், கோமதி மழைக்கு முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனாள். நான் மேஜை மேல் இருந்தேன். நாலரை மணி வரை பார்த்தேன். சிஸ்டர் ஜெர்த்ரூது பீரோவைப் பூட்டப் போனார். பீரோவுக்குள் போனால் வெளியே வர முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நானே உன் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்." பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்கிறவள் போல, "அன்றைக்கு உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குச் செண்பகவல்லியிடம் ஒரு விடை உண்டு, அதை மகளிடமும் நாத்தனார்களிடமும் கோயில் வாசலில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லியிருக்கிறாள்: படிக்க விடவில்லை. அப்பா விடவில்லை, மாப்பிள்ளை வீடு விடவில்லை, அந்தக் காலம் அப்படி. ஆனால் அன்றைக்கு, அந்த நாலரை மணிக்கு, அப்பா சைக்கிளை வாசலில் நிறுத்திக்கொண்டு, "போய் வாங்கிட்டு வந்துருவோம்மா, கல்யாண ஜவுளி நாளைக்கு எடுத்துக்கிடலாம்" என்றுதான் சொன்னார். மாட்டேன் என்றது அவள். டவுனில் ஒரு கடையில் மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்றை முந்தின நாள் பார்த்து வைத்திருந்தாள், அதை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காகிதம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தாள். அவளைப் பிடித்து யாரும் கட்டிப்போடவில்லை. பதினேழு வயசு, அவ்வளவு ஆசையாக இருந்தது அந்தச் சேலை.

"காய்ச்சல்" என்றாள் செண்பகவல்லி.

"அப்படியா?" வந்தவளின் முகம், நடுக்கோட்டின் இரண்டு பக்கமும், உண்மையாகவே இரக்கப்பட்டது. "நான் இத்தனை வருடம் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாய் என்றுகூட நினைத்தேன். காய்ச்சலில் எப்படி வர முடியும்?"

கேலி செய்திருந்தால் செண்பகவல்லி தாங்கியிருப்பாள். கேலிக்குப் பதில் கேலி அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அந்த இரக்கத்துக்கு அவளிடம் ஒன்றும் இல்லாததால், அவள் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து மே மாதத்துத் தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி மேடையில் வைத்து, "பேனா இருக்கா?" என்றாள். "இப்பப் போடுதேன் கையெழுத்து. இப்ப வாங்கிக்கிடுதேன் உன்ன. வாங்கிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"போடலாமே" என்றாள் வந்தவள். அவளுக்கும் அதில் விருப்பம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. இடுப்பிலிருந்து நீல மைப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

செண்பகவல்லி போட்டாள். வந்தவள் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஹால் டிக்கெட்டில் இருந்தது, சிஸ்டர்கள் நாலு கோடு நோட்டில் வளைத்து வளைத்துப் பழக்கிவிட்ட ஆங்கிலக் கையெழுத்து. முதல் எழுத்து அன்னம் மாதிரிக் கழுத்தை வளைக்கும், கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கிப் பெயரின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி வரும். இது கேஸ் சிலிண்டருக்கும் கூரியருக்கும் கதவிடுக்கில் நின்று கிறுக்கிக் கிறுக்கி, ஒரு கோடும் ஒரு சுழியுமாகத் தேய்ந்து போன கையெழுத்து. செண்பகவல்லி இரண்டாவது போட்டாள். மெதுவாக, நாக்கை உதட்டோரம் மடித்து, மூன்றாவது போட்டாள். அன்னத்துக்குக் கழுத்து வரவில்லை. கை அந்த வளைவுக்குப் போகாமல், போகிற வழியிலேயே கேஸ்காரனுக்குப் போட்டதைப் போட்டுவிட்டு வந்தது.

"இது அந்தக் கையெழுத்து இல்லை" என்றாள் வந்தவள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான்தான போடுதேன்? என் கைதான?"

"உன் கைதான். ஆனால் பொருந்தவில்லை. பொருந்தாமல் என்னை எப்படிக் கொடுக்க?"

சமையலறையை விட்டு வெளியே வந்தபோது செண்பகவல்லிக்குத் தலைக்குள் ஏதோ இடம் மாறிக் கிடந்தது. அவளுக்கு மேஜை ஞாபகம் வந்தது. மேஜை மேல் விரித்திருந்த பச்சைத் துணி, அதன் மேல் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்த தாள்கள், ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தது, கேட்டில் ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நெஞ்சு எழுந்து எழுந்து படுத்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த அறைக்கு அவள் அன்று போகவே இல்லை. மாம்பழக் கலர் பட்டு எங்கே இருக்கிறது என்று யோசித்தால் அது ஞாபகம் வரவில்லை. காத்திருந்தது யார், வராமல் போனது யார் என்று அவள் இரண்டு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், இரண்டு விரலும் ஒரே மாதிரி இருந்தன.

மூன்று மணிக்குச் சங்கரலிங்கம் அவளைக் கூட்டிப்போக வந்தார். ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். சாமுவேல் அண்ணன் அவரை வந்தவளுக்கு அறிமுகம் செய்து வைத்தார். பெயரைக் கேட்டதும், "எங்க வீட்லயும் இதே பேருதான் மேடம்!" என்று சங்கரலிங்கம் சந்தோஷப்பட்டார். பாலம் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆற்று மணலில் தூண் எப்படி நிற்கும், வெள்ளம் வந்தால் என்ன ஆகும், என்று அவர் கேட்க, அவள் ஒரு பேப்பர் தட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து செண்பகவல்லி பேசி இவ்வளவு நேரம் அவர் வாயை மூடிக் கேட்டது இல்லை. கேட்டு முடித்து, மனைவி பக்கம் திரும்பி, "இம்புட்டுப் படிச்சவங்க கூடல்லாம் நீ படிச்சியா? சொல்லவே இல்லியே!" என்றார்.

"நூறு தடவ சொன்னேன்" என்றாள் செண்பகவல்லி. "நாந்தான் ஃபர்ஸ்ட் மார்க்குன்னு சொன்னேன். சொல்லுங்கட்டி இவங்க கிட்ட. ஜெபா, நீ சொல்லு."

ஜெபசெல்வி வந்தவளைப் பார்த்தாள், செண்பகவல்லியைப் பார்த்தாள், சுவரில் ஆணியில் தொங்கிய தன்னுடையதைப் பார்த்தாள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று யோசிக்கிறவளின் முகம்தான் இருந்தது. "செண்பகவல்லிதான் ஃபர்ஸ்ட் மார்க்கு" என்றாள் கடைசியில். "அதுல சந்தேகமே கெடையாது." சங்கரலிங்கம் எழுந்து, வந்தவளுக்கு இன்னொரு தடவை வணக்கம் சொன்னார், பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று சாமுவேல் அண்ணனோடு வெளியே போனார்.

கிளம்புவதற்கு முன்னால் குரூப்பில் போட ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ரஹ்மத் சொன்னாள். சோபாவில் நாலு பேர்தான் உட்காரலாம். கோமதியின் முழங்காலுக்கு ஓரம் வேண்டும், அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெபசெல்வி வீட்டுக்காரி, அவள் மறு ஓரம். நடுவில் ரஹ்மத்தும், ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தவளும். செண்பகவல்லி எந்த இடத்துக்குப் போவது என்று தெரியாமல் கம்பளத்தின் நடுவே நின்றாள்.

"செண்பா, நீயே எடுத்துரு" என்று ஜெபசெல்வி போனை நீட்டினாள். "எங்களுக்கெல்லாம் கை நடுங்குது. உனக்குத்தான் சுகர் இல்ல."

அவள் வாங்கிக்கொண்டாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். திரைக்குள் நாலு பேரும் வந்தார்கள். கறுப்பு மை அடித்த மூன்று தலை, நரையும் கறுப்பும் அப்படியே இருந்த ஒரு தலை. நாலு பேரும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு, தங்கக் கலர் ஐந்தும் பூச்சியமும் பின்னால் மிதக்க, ஒரு இடமும் காலியாக இல்லாமல், ஒரு ஆள்கூடக் குறையாமல் இருந்தார்கள். பார்க்கிற யாரும் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவளே எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"சீக்கிரம்ட்டி, வாய் வலிக்கு" என்றாள் கோமதி. அதற்குப் பிறகு அவளும் பல் தெரியச் சிரித்துக்கொண்டாள்.

செண்பகவல்லி பொத்தானை அழுத்தவில்லை.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்கட்டி" என்றாள். "நானும் வாரேன்."

படம் எடுத்து முடியும்வரை கலைக்கக் கூடாது என்று பிடித்து வைத்திருந்த சிரிப்போடு, இமைகூடத் தட்டாமல், நாலு பேரும் அவள் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஆளுக்குத்தான்ட்டி. கொஞ்சம் தள்ளுங்க."